தேய்ந்துபோன கடுஞ்சொற்கள்: ஆங்கிலப் பெயரடைகள் சிலவற்றின் வரலாறு

மனிதன் தன் அச்சத்துக்கும் அருவருப்புக்கும் பெயரிடத் தொடங்கிய நாள்முதல் எல்லா மொழிகளிலும் கடுஞ்சொற்கள் பிறந்து வந்துள்ளன. பிறந்தபோது இருந்த கூர்மையோடு அவை நிலைப்பதில்லை. பல கை மாறிய நாணயத்தின் முத்திரை மழுங்குவதுபோல, பலர் வாயில் புழங்கிய சொல்லின் பொருளும் மழுங்குகிறது. இத்தேய்வைத் தெளிவாகக் காட்டும் எழுத்துச் சான்றுகள் ஆங்கில மொழியில் நிறைய உள்ளன. 'மிக மிக மோசமானது' என்பதைச் சொல்ல அம்மொழியில் ஆஃபுல், டெரிபிள், ஹாரிபிள், ட்ரெட்ஃபுல், அட்ரோஷியஸ், அபாமினபிள், அபிஸ்மல் எனப் பெயரடைகள் வரிசையாக நிற்கின்றன. ஆறிப்போன தேநீரைக் குறிக்கவும் இவை பயன்படும். ஓர் ஊரையே அழித்த கொலையைக் குறிக்கவும் இவையே பயன்படும். ஒரே சொல் இவ்விரண்டையும் சுமக்கும் நிலை எவ்வாறு நேர்ந்தது? உண்மையான கொடுமை நேர்ந்தபோது அத்தேய்ந்த சொற்கள் என்ன செய்தன? இவ்விரு வினாக்களும் மொழியியலார்க்கு மட்டும் உரியவை அல்ல. சொல்லை நம்பி வாழும் எவர்க்கும் உரியவை.

அச்சத்தில் பிறந்தவை

இப்பெயரடைகளின் வேர்களை ஆராய்ந்தால் இவை பெரும்பாலும் உடலிலும் வழிபாட்டிலும் தோன்றியவை என்பது புலனாகும். 'ஹாரிட்', 'ஹாரிபிள்' என்பவற்றுக்கு மூலமான இலத்தீன் வினைச்சொல் மயிர் சிலிர்த்து நிற்றலைக் குறித்தது. 16, 17ஆம் நூற்றாண்டுகளின் ஆங்கிலக் கவிஞர்கள் 'ஹாரிட்' என்ற சொல்லை முள்போல் குத்திட்டு நிற்பது என்ற பொருளிலும் ஆண்டனர். 'டெரிபிள்' அச்சுறுத்தல் என்னும் வினையிலிருந்து வந்தது. 'ஆஃபுல்' என்பதன் பகுதி, தெய்வத்தின் முன் தோன்றும் அச்சமும் பணிவும் கலந்த உணர்வைக் குறித்த பழஞ்சொல்லாகும்.

1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் 'டெரிபிள்' என்பது கடவுளுக்கே அடைமொழியாக வருகிறது. தமிழ் விவிலியத்தை மொழிபெயர்த்தோரும் அவ்விடங்களில் 'பயங்கரம்' என்னும் சொல்லைத் தேவனுக்கு அடையாக்கியிருப்பது இங்கு ஒப்புநோக்கத் தக்கது. இவ்விரு மொழிபெயர்ப்புகளிலும் அச்சொல் இழிவைக் குறிக்கவில்லை. மனித அளவைக் கடந்த ஆற்றலையே குறித்தது.

வேறு சில சொற்கள் சமயத் தீட்டிலிருந்தும் சாபத்திலிருந்தும் வந்தவை. 'நெஃபேரியஸ்' என்பது தெய்வ நெறிக்கு மாறானது. 'எக்ஸிக்ரபிள்' என்பது சபிக்கத் தக்கது. 'அபாமினபிள்' என்பது தீநிமித்தமாகக் கண்டு விலகத் தக்கது. இடைக்கால அறிஞர் இக்கடைசிச் சொல்லின் வேரைத் தவறாக உணர்ந்து, 'மனிதத் தன்மைக்குப் புறம்பானது' எனப் பொருள் கண்டு, அதற்கேற்ப எழுத்தையும் மாற்றி எழுதினர். அவ்வாறு எழுதுவதே சரியென்று வாதிடும் புலவர் ஒருவரை ஷேக்ஸ்பியர் தம் நாடகம் ஒன்றில் படைத்து நகைத்துள்ளார். 'அட்ரோஷியஸ்' என்பதன் வேரில் கறுத்த தோற்றம் என்னும் பொருள் இருப்பதாகக் கருதுவர். 'அபிஸ்மல்' அடியற்ற பாதாளத்தைச் சுட்டுவது. 'லௌசி' என்பதோ பேன் பிடித்தது என்னும் எளிய வசைச் சொல்.

'எக்ரீஜியஸ்' என்னும் சொல்லின் வரலாறு விந்தையானது. மந்தையிலிருந்து தனித்துத் தெரிவது என்பது அதன் வேர்ப்பொருள். எனவே அது முதலில் புகழுரையாக இருந்தது. 16ஆம் நூற்றாண்டில் எள்ளலாகப் பயன்படுத்தப்பட்டு, அந்த எள்ளலே பொருளாக நிலைத்து, இன்று மன்னிக்க முடியாத பிழையைக் குறிக்கிறது. நறுமணத்தையும் குறித்த 'நாற்றம்' தமிழில் கெட்ட வாடைக்கே உரியதாகிவிட்டதை மொழியியலார் இழிபொருட்பேறு என்பர். 'எக்ரீஜியஸ்' அடைந்ததும் அதுவே. 'டெரிஃபிக்' இதற்கு நேர்மாறானது. 1667இல் வெளிவந்த மில்டனின் காவியத்தில் அது அச்சமூட்டுவது என்ற பொருளில்தான் வருகிறது. 19ஆம் நூற்றாண்டில் 'மிகப் பெரிய' என்றாகி, அந்நூற்றாண்டின் இறுதியில் 'மிகச் சிறந்த' என்று உயர்ந்துவிட்டது.

தேய்வின் தொடக்கம்

1755இல் சாமுவேல் ஜான்சன் வெளியிட்ட அகராதியில் 'ஆஃபுல்' என்பதற்குப் பயபக்தியால் உள்ளத்தை நிறைப்பது என்பதே முதற்பொருள். மோசமானது என்னும் பொருள் அங்கு இல்லை. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு, 1816இல், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜான் பிக்கரிங் அமெரிக்கருக்கே உரியனவாகக் கருதப்பட்ட சொற்களைத் தொகுத்து ஒரு நூல் வெளியிட்டார். நியூ இங்கிலாந்துப் பகுதி மக்கள் குடிக்கக் கசக்கும் மருந்தையும் 'ஆஃபுல்' என்று சொல்வதாக அதில் குறித்துள்ளார். கோயில் வாசலில் நின்ற சொல் ஒரு வாழ்நாளுக்குள் மருந்துக் குப்பிக்கு இறங்கிவிட்டது.

இந்த இறக்கத்துக்குக் காரணம் மிகைப்பேச்சே. செஸ்டர்ஃபீல்டு பிரபு 1754இல் எழுதிய கட்டுரை ஒன்றில், உயர்குடிப் பெண்டிர் 'மிகப் பரந்த' என்னும் பொருளுடைய ஒரு சொல்லை எல்லாவற்றுக்கும் அடையாக்குவதை நகைக்கிறார். கையடக்கமான பொடி டப்பா ஒன்று 'பரந்த அளவில்' சிறியதாக இருப்பதால் 'பரந்த அளவில்' அழகாக இருக்கிறதாம்! மிகைப்படுத்தும் சொல் எதுவாயினும், அது தன் வேர்ப்பொருளை இழந்து வெறும் அழுத்தக் குறியாக மாறுவதை அவர் அன்றே கண்டுகொண்டார். ஒரு சொல் தேய்ந்ததும் அதைவிடக் கடுமையான வேறொரு சொல் தேவைப்படுகிறது. அதுவும் தேய்கிறது. வரிசை நீள்வது இதனால்தான். மொழியின் செல்வப் பெருக்கத்தால் மட்டும் அன்று.

இலக்கியமும் இதில் பங்கு கொண்டது. எட்மண்ட் பர்க் 1757இல் வெளியிட்ட அழகியல் நூலில், அச்சமே பெருமித உணர்வின் ஊற்று என்று வாதிட்டார். அதன்பின் எழுந்த பேய்க்கதைகள் அச்சத்தை விற்பனைப் பொருளாக்கின. ஜேன் ஆஸ்டின் எழுதி, 1817இன் இறுதியில், அவர் மறைந்த பின் வெளிவந்த 'நார்த்தாங்கர் அபி' புதினத்தில், இளம்பெண் ஒருத்தி தன் தோழிக்கு ஏழு புதினங்களைப் பரிந்துரைக்கிறாள். அவை எல்லாம் 'ஹாரிட்' தானா என்பதே தோழியின் கவலை. மயிர் சிலிர்க்க வைத்த சொல், பொழுதுபோக்கின் தரச் சான்றிதழாக மாறிய காட்சி இது. அந்த ஏழும் ஆஸ்டினின் கற்பனை என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தனர். அவை உண்மையில் அச்சேறிய நூல்களே எனப் பின்னர் நிறுவப்பட்டது.

அடைமொழியும் வினைச்சொல்லும்

பர்க்கின் வாழ்க்கையிலேயே இக்கதையின் அடுத்த திருப்பம் நிகழ்ந்தது. வங்காளத்தின் தலைமை ஆளுநராக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ் மீதான குற்ற விசாரணை 1788 பிப்ரவரியில் இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் தொடங்கியது. தம் தொடக்க உரையில் பர்க், ரங்கப்பூர்ப் பகுதிக் குடியானவர்கள் வரிக்காகப் பட்ட வதைகளை விரித்துரைத்தார். கேட்டிருந்த பெண்கள் சிலர் மயக்கமுற்றனர். அவர் அடுக்கிய கடுமையான அடைமொழிகளை அவையோர் பொறுத்துக்கொண்டனர். ஆனால் 1775இல் தூக்கிலிடப்பட்ட நந்தகுமாரைப் பற்றிப் பேசுகையில், ஹேஸ்டிங்ஸ் அவரை நீதிபதியின் கையால் கொன்றார் என்று பர்க் கூறியபோது நிலைமை மாறியது. அச்சொற்களைப் பேசியிருக்கக் கூடாது என்று 1789 மே மாதம் மக்களவை தீர்மானம் நிறைவேற்றியது.

இந்நிகழ்ச்சி ஊன்றிக் கவனிக்கத் தக்கது. எத்தனை கடுமையான பெயரடையும் யாரையும் கட்டுப்படுத்துவதில்லை. 'கொன்றார்' என்னும் ஒரு வினைமுற்றுக்கு எழுவாய் வேண்டும், செயப்படுபொருள் வேண்டும், சான்று வேண்டும். அடைமொழி சொல்பவனின் உணர்ச்சியைக் காட்டுகிறது. வினைச்சொல்லோ செய்தவனைக் காட்டுகிறது. ஏழு ஆண்டுகள் நீண்ட விசாரணையின் முடிவில், 1795இல், ஹேஸ்டிங்ஸ் விடுவிக்கப்பட்டார்.

ஏறத்தாழ நூறாண்டு கழித்து இதன் மறுபக்கம் வெளிப்பட்டது. 1876இல் துருக்கியப் பேரரசின் ஆட்சிக்குட்பட்ட பல்கேரியாவில் எழுந்த கிளர்ச்சி கொடுமையாக ஒடுக்கப்பட்டது. முதலில் வந்த செய்திகளில் ஒன்றைப் பிரதமர் டிஸ்ரேலி காப்பிக்கடைப் பேச்சு என்று தள்ளினார். பின்னர் 'டெய்லி நியூஸ்' நாளிதழுக்காக அமெரிக்கரான மக்கஹன் நேரில் சென்றார். படாக் என்னும் ஊரில் கண்ட மண்டையோடுகளின் குவியலையும், எரிந்த வீடுகளையும், தேவாலயத்துக்குள் கிடந்த உடல்களையும் அவர் ஒவ்வொன்றாக எழுதினார். செப்டம்பரில் கிளாட்ஸ்டன் வெளியிட்ட சிறுநூல் ஒரு மாதத்துக்குள் ஏறத்தாழ 2,00,000 படிகள் விற்றது. அந்நூல் ஆவேசமான அடைமொழிகள் நிறைந்தது என்பது உண்மையே. ஆயினும் அந்த ஆவேசத்துக்கு அடியில் மக்கஹன் எண்ணிவந்த பொருள்கள் இருந்தன. 1877இல் ரஷ்யா துருக்கியின்மேல் படையெடுத்தபோது பிரிட்டன் தன் பழைய நண்பனுக்குத் துணைநிற்க முடியாமல் ஒதுங்கி நின்றதற்கு அவ்வாண்டு எழுந்த மக்கள் சினமும் ஒரு காரணம்.

அமிர்தசரஸில் ஒரு பெயரடை

19ஆம் நூற்றாண்டில் 'ஃப்ரைட்ஃபுல்' என்னும் சொல்லும் விருந்துப் பேச்சில் வெறும் 'மிகவும்' என்னும் அளவுக்குச் சுருங்கியிருந்தது. 1914இல் ஜெர்மானியப் படை பெல்ஜியத்தில் நுழைந்து, லூவன் நகர நூலகத்தை எரித்து, குடிமக்களைச் சுட்டுக் கொன்றது. மக்களை அச்சுறுத்தி அடக்கும் அம்முறைக்கு ஜெர்மானிய மொழியில் வழங்கிய 'ஷ்ரெக்லிஷ்கைட்' என்னும் சொல்லுக்கு ஈடாக ஆங்கிலேயர் 'ஃப்ரைட்ஃபுல்னெஸ்' என்பதை ஆண்டனர். தேய்ந்த பெயரடை ஒரு கொள்கையின் பெயராக மாறி மீண்டும் கூர்மை பெற்றது. அதை எதிரிக்கு மட்டுமே உரிய சொல்லாக அவர்கள் வைத்திருந்தனர்.

1919 ஏப்ரல் 13 அன்று அமிர்தசரஸ் நகரின் ஜாலியன்வாலா பாகில் ஜெனரல் டயரின் ஆணைப்படி, எச்சரிக்கை எதுவும் இன்றி, ஏறத்தாழ பத்து நிமிடங்களில் 1,650 குண்டுகள் சுடப்பட்டன. அரசு ஒப்புக்கொண்ட இறப்பு எண்ணிக்கை 379. இந்தியத் தரப்பின் மதிப்பீடு இதைவிடப் பன்மடங்கு மிகுதி. 1920 ஜூலை 8 அன்று பிரிட்டிஷ் மக்களவையில் நடந்த விவாதத்தில், இந்திய அமைச்சர் மாண்டேகு பெல்ஜியத்துக்கென வைத்திருந்த அதே சொல்லைத் தம் படைத்தலைவனுக்கு எதிராகப் பயன்படுத்தினார். அவையில் கூச்சல் எழுந்தது. அடுத்துப் பேசியவர்களுள் ஒருவரான போர் அமைச்சர் சர்ச்சில் 'மான்ஸ்ட்ரஸ்' என்னும் பெயரடையைத் தேர்ந்துகொண்டார். அந்நிகழ்ச்சி பேரரசின் வரலாற்றில் தனித்து நிற்பது, வேறெதனோடும் ஒப்பில்லாதது என்றார்.

'மான்ஸ்ட்ரஸ்' என்பதன் வேரில் இயற்கைக்கு மாறான பிறவி, தெய்வம் காட்டும் தீக்குறி என்னும் பொருள்கள் உள்ளன. அதாவது, அது விதிக்குப் புறம்பானது. மாண்டேகுவின் பெயர்ச்சொல் ஆட்சிமுறையைக் குற்றம் சாட்டியது. சர்ச்சிலின் பெயரடையோ நிகழ்ச்சியை ஆட்சிமுறையிலிருந்து பிரித்து வெளியே நிறுத்தியது. கேட்பதற்கு இரண்டாவதே கடுமையானது. பேரரசுக்கு அதுவே எளிதானது. அவ்விரு சொற்களும் டயரின் ஆதரவாளர்களைத் தடுத்து நிறுத்தவில்லை. அதே மாதம் பிரபுக்கள் அவை டயருக்கு ஆதரவாக வாக்களித்தது. 'மார்னிங் போஸ்ட்' இதழ் அவருக்காக 26,000 பவுனுக்கும் மேல் நிதி திரட்டியது.

பெயரில்லாத குற்றம்

முதல் உலகப் போர்க்காலத்துக் கொடுமைச் செய்திகளுள் சில மிகைப்படுத்தப்பட்டவை என்பது 1920களில் வெளியாயிற்று. ஆர்தர் பான்சன்பி 1928இல் இதைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். இந்த அம்பலத்தின் விளைவு கொடியது. அடுத்த போரில், 1942இல், ஐரோப்பிய யூதர்கள் கூட்டம்கூட்டமாகக் கொல்லப்படுகின்றனர் என்னும் உண்மைச் செய்தி வந்தபோது, இதுவும் பழைய கதை என்று ஐயுற்றவர் பலர். தேய்ந்த சொற்களின் விலையைச் சொன்னவர்கள் கொடுக்கவில்லை, இறந்தவர்கள் கொடுத்தார்கள்.

1945 ஏப்ரலில் பெர்கன்-பெல்சன் வதைமுகாமுக்குள் சென்ற பி.பி.சி. செய்தியாளர் ரிச்சர்ட் டிம்பிள்பி அனுப்பிய செய்தியை ஒலிபரப்ப நிலையத்தார் தயங்கினர். பதவி விலகுவேன் என்று அவர் சொன்ன பிறகே அது காற்றில் ஏறியது. அதே மாதம் பூகன்வால்டு முகாமைக் கண்ட அமெரிக்க வானொலியாளர் எட்வர்டு மர்ரோ, தாம் கண்டதில் ஒரு பகுதியையே கூறியதாகவும், பெரும்பகுதிக்குத் தம்மிடம் சொற்களே இல்லை என்றும் சொல்லி நிறுத்தினார். பெயரடைகளுக்குப் பஞ்சமில்லாத மொழியில் பேசியவர் அவர்.

இப்பஞ்சத்தை முன்பே உணர்ந்தவர் ரஃபேல் லெம்கின். போலந்து நாட்டு யூத வழக்கறிஞரான இவர், 1933இலேயே இனக்குழுக்களை அழிப்பதைப் பன்னாட்டுக் குற்றமாக்க வேண்டும் என்று முன்மொழிந்து தோற்றவர். 1941 ஆகஸ்டில் சர்ச்சில் வானொலியில், தாம் பேசும் குற்றத்துக்குப் பெயர் இல்லை என்றார். 1944இல் வெளிவந்த தம் நூலில் லெம்கின் அதற்கொரு பெயரைப் படைத்தார். இனத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோடு கொலையைக் குறிக்கும் இலத்தீன் விகுதியைச் சேர்த்து 'ஜெனோசைடு' என்றார். தமிழில் இனப்படுகொலை என வழங்குவது இதுவே. இது கடுமையைக் காட்டும் சொல் அன்று. செயலை வரையறுக்கும் சொல். நூரம்பர்க் குற்றப்பத்திரிகையில் இது இடம்பெற்றது. 1948 டிசம்பர் 9 அன்று ஐக்கிய நாடுகள் அவை இக்குற்றத்தைத் தடுக்கவும் தண்டிக்கவும் உடன்படிக்கை ஒன்றை ஏற்றது.

வரையறுக்கும் சொல்லை ஆட்சியாளர் அஞ்சுவர் என்பது 1994இல் மெய்ப்பட்டது. ருவாண்டாவில் ஏறத்தாழ நூறு நாள்களில் 8,00,000 பேர் வரை கொல்லப்பட்டனர். அமெரிக்க அரசின் பேச்சாளர்கள் அக்கொலைகளைக் கண்டிக்கும் அடைமொழிகளைத் தயங்காமல் வழங்கினர். 'இனப்படுகொலை' என்னும் பெயர்ச்சொல்லை மட்டும் வாரக்கணக்கில் தவிர்த்தனர்; 'இனப்படுகொலைத் தன்மையுள்ள செயல்கள்' என்று சுற்றி வளைத்தனர். பெயரைச் சொன்னால் கடமை வந்து சேரும். அடைமொழி எந்தக் கடமையையும் கொண்டுவராது.

எஞ்சும் சொல்

அமிர்தசரஸுக்குப் பின்னாளில் வந்த விருந்தினர்களின் சொற்கள் இதை உறுதி செய்கின்றன. 1997இல் இந்தியாவுக்கு வந்த இரண்டாம் எலிசபெத் அரசியார் ஜாலியன்வாலா பாக் நிகழ்ச்சியை மனம் வருந்தச் செய்யும் எடுத்துக்காட்டு என்றார். 2013 பிப்ரவரியில் பிரதமர் டேவிட் கேமரன் ஆழ்ந்த வெட்கத்துக்குரியது என்று வருகைப் பதிவேட்டில் எழுதி, சர்ச்சிலின் பழைய பெயரடையையும் எடுத்துக்காட்டினார். நூற்றாண்டு நிறைவையொட்டி 2019 ஏப்ரலில் பிரதமர் தெரசா மே மக்களவையில் அதை வெட்கத்துக்குரிய வடு என்று கூறி வருத்தம் தெரிவித்தார். பெயரடைகள் தலைமுறைதோறும் புதுப்பிக்கப்பட்டன. 'மன்னிப்புக் கேட்கிறோம்' என்னும் எழுவாயுள்ள வினைமுற்று மட்டும் அவற்றுள் ஒன்றிலும் இடம்பெறவில்லை.

இவற்றுக்கு எதிரே வைத்து எண்ணத் தக்க ஆவணம் ஒன்று உண்டு. பஞ்சாப் கொடுமைகளைப் பற்றிக் காங்கிரஸ் அமைத்த குழுவின் அறிக்கை 1920இல் வெளிவந்தது. அதை எழுதும் பொறுப்பைக் காந்தியடிகள் ஏற்றார். அறிந்து செய்த மிகைக்கூற்று ஒன்றுகூட அதில் இல்லை என்றும், ஒவ்வொரு கூற்றுக்கும் சான்று உண்டு என்றும் அவர் தம் தன்வரலாற்றில் குறித்துள்ளார். ஐயத்துக்கு இடமான சாட்சியம் எதுவும் சேர்க்கப்படவில்லை. சினம் மிகுந்திருந்த காலத்தில், சினங்கொள்ள எல்லா உரிமையும் உடைய தரப்பிலிருந்து வந்த எழுத்து அது. கடுஞ்சொல்லை அடக்கியதால் அதன் வலிமை குறையவில்லை. அடைமொழிகள் மறக்கப்பட்ட பின்னும் அச்சாட்சியங்களை வரலாற்றாசிரியர் தேடிப் படிக்கின்றனர்.

ஆங்கிலத்துக்கு நேர்ந்த இத்தேய்வு ஆங்கிலத்தோடு நிற்பதன்று. தேவனுக்கு அடையாக இருந்த 'பயங்கரம்' தமிழ்ப் பேச்சு வழக்கில் இன்று அழகுக்கும் கூட்டத்துக்கும் அடையாகிவிட்டது. மக்கள் பேச்சைத் தடுக்க யாராலும் இயலாது. தடுக்க வேண்டியதும் இல்லை. எழுதுவோர் செய்யக்கூடியது வேறு. கொடுமை கண்முன் நிற்கும்போது, அதை எத்துணைக் கொடியது என்று சொல்லும் சொல்லைத் தேடுமுன், யார், யாரை, எங்கே, எத்தனை பேரை என்னும் வினாக்களுக்கு விடை தரும் சொற்களைத் தேடுவது. மக்கஹன் படாக் ஊரில் செய்ததும், பர்க் அவையின் கண்டனத்தைத் தேடிக்கொண்டதும் அதைச் செய்ததனால்தான்.